வலி வந்து போன ஒரு மணி நேரம்

சாயங்காலம் ஆறு மணிக்கு லாண்டரி விட்டு வந்ததும் பெரியவள் செய்கிற முதல் வேலை, தங்கச்சியின் உடம்பைத் தேடுவதுதான். தேடுவது என்றுதான் சொல்ல வேண்டும். சுவரோரம் முக்காலியைப் போட்டு, குழல் விளக்கின் கீழே சின்னவளை உட்கார வைத்து, காலிலிருந்து ஆரம்பிப்பாள். விரல் இடுக்குகள், குதிகால், கணுக்கால், முழங்கால். பிறகு கை. நகத்தை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பாள். கடைசியில், "நாக்கை நீட்டுடி" என்பாள். ரொட்டியை மெல்லும்போது நாக்கையும் சேர்த்து மென்று, வாயில் ரத்தம் ஒழுக ஒழுக கதை பேசிக்கொண்டிருக்கிறவள் அவள்.

சின்னவளுக்கு இருபத்தேழு வயது. கல்யாணமாகி மூன்று வருஷம். பிறந்ததிலிருந்து அவளுக்கு வலி என்றால் என்னவென்று தெரியாது.

தடுப்பூசி போட்டபோது அழாத குழந்தையைப் பார்த்து ஊரே சமர்த்து என்றது. அம்மாவும் பூரித்துப் போனாள். இரண்டு வயதில் மாடிப்படியில் உருண்டு, முழங்கை எலும்பு தோலைத் துருத்திக்கொண்டு நிற்க, "பசிக்குது" என்று வந்து நின்றதும் அம்மாவின் பூரிப்பு அடங்கியது. அப்போதிருந்த வயசான டாக்டர், ஏதோ நரம்புக் கோளாறு, கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். சின்னவளுக்கு ஒன்பது வயதில் அம்மா போய்ச் சேர்ந்தாள். அந்தக் கண்ணும் கருத்தும் அன்றைக்குப் பெரியவளிடம் வந்து சேர்ந்தன. அவளுக்கு அப்போது இருபத்துமூன்று. கல்யாணத்துக்குக் கேட்டு வந்தவர்கள் இல்லாமல் இல்லை. இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு பேருமே, "தங்கச்சியும் கூடவேவா வரும்?" என்று ஒரே கேள்வியைக் கேட்டார்கள். அவளும் இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள்.

அக்கா தங்கச்சி இரண்டு பேருக்கும் ஒரே லாண்டரியில்தான் வேலை. ஓட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளையும் துண்டுகளையும் துவைத்து, தேய்த்து, அடுக்கி அனுப்புகிற இடம். பிழிகிற இயந்திரத்திலிருந்து விரிப்புகள் கயிறு போல முறுக்கிக்கொண்டு வரும். அவற்றை உதறிப் பிரித்து, இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, சூடான உருளைக்குள் இழுத்துக் கொடுக்க வேண்டும். அந்த உருளையில் பெரியவள் பதினெட்டு வருஷமாக நிற்கிறாள். சின்னவளை உருளைப் பக்கமே விடக்கூடாது என்று மேஸ்திரியிடம் சொல்லி, மடிக்கிற மேசையில் போட்டிருந்தாள். ஒருமுறை கொதிக்கிற நீராவிக் குழாயைச் சின்னவள் வெறுங்கையால் பிடித்துத் திருகியதைப் பார்த்துவிட்டு, அங்கே உள்ள பெண்கள் அவளுக்குக் 'கல்லு' என்று பேர் வைத்துவிட்டார்கள். அவளும் கோபித்துக்கொள்ளாமல், கூப்பிட்டால் "என்ன?" என்று திரும்புவாள்.

அந்த வருஷம் மழை பிடித்துக்கொண்டு விடவில்லை. விடுமுறை நாள் ஒன்றில் பெரியவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது சின்னவள் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, நாங்க ஒரு குழந்தை பெத்துக்கலாம்னு இருக்கோம்."

பெரியவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை. "யாரு பாத்துக்குவா?"

"இது என்ன கேள்வி? நான்தான்."

"உன் உடம்பையே உனக்குப் பாத்துக்கத் தெரியாது. பிரசவ வலி வந்தா உனக்குத் தெரியுமா? நீ பாட்டுக்குத் துண்டு மடிச்சுக்கிட்டு நிப்பே."

"டாக்டர்கிட்ட கேட்டுக்கலாம்."

"சரி, பொறந்துடுச்சுன்னு வெச்சுக்குவோம். அழுவுது. எதுக்கு அழுவுதுன்னு உனக்குத் தெரியுமா? பசின்னா தெரியும். வயித்து வலின்னா?" பெரியவள் சட்டைக் கையைத் தோள் வரை சுருட்டினாள். மேல்கையில் முக்கோணமாக, இஸ்திரிப் பெட்டியின் மூக்கு பதிந்த தழும்பு. "இது ஞாபகம் இருக்கா? ஆறு வயசு உனக்கு. முதல்ல உன் கையில வெச்சுக்கிட்டே. வெதுவெதுன்னு நல்லாருக்கு, உனக்கும் வேணுமான்னு என் கையில வெச்சே. நான் கத்துன கத்துல தெருவே கூடிடுச்சு. நீ நின்னு வேடிக்கை பாத்தே."

சின்னவளின் முகம் சுண்டிப்போனது. "ஆறு வயசுல செஞ்சதை இன்னும் எத்தனை நாளைக்குச் சொல்லுவே?"

"பச்சைக் குழந்தைக்குச் சுடுதண்ணி ஊத்திட்டுச் சிரிச்சுக்கிட்டு நிக்கமாட்டேன்னு என்ன நிச்சயம்?"

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய சொல் என்று பெரியவளுக்குத் தெரிந்தது. கொட்டினதை அள்ளவா முடியும்?

சின்னவள் எழுந்தாள். "தினமும் என்னை உக்கார வெச்சுச் சோதிக்கறியே, நான் என்ன உனக்கு டியூட்டியா?"

"ஆமாடி. டியூட்டிதான்."

"அப்ப லீவு எடுத்துக்கோ. நானே பாத்துக்கறேன்."

பெரியவளும் வீம்புக்காரிதான். லீவு எடுத்துக்கொண்டாள். சின்னவளின் புருஷன் வீடுகளுக்கு டைல்ஸ் பதிக்கிறவன். அவன் வெளியூர் வேலைக்குப் போயிருந்தான். இரண்டு அறை வீட்டில் அக்காவும் தங்கச்சியும் ஆளுக்கொரு அறையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார்கள். சூப் வைத்தால் ஆறிய பிறகு தங்கச்சியின் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போவாள் பெரியவள். பாத்திரம் கழுவித் திரும்பி வரும். பேச்சு மட்டும் இல்லை.

மழையில் எதுவும் காயவில்லை. லாண்டரி முழுக்க ஈர விரிப்புகள் மலை மலையாகக் குவிந்தன. ஜன்னல் கண்ணாடிகளில் நீராவி படிந்து வெளியே பகலா சாயங்காலமா என்றே தெரியவில்லை. சிமெண்டுத் தரையில் எப்போதும் தண்ணீர். அந்த ஈரத்தில்தான் பெரியவள் ஒரு நாள் அந்தக் கால் தடத்தைப் பார்த்தாள்.

செருப்பில்லாமல் யாரோ மேசையிலிருந்து குழாயடி வரை போய் வந்திருக்கிறார்கள். வலது கால் அழகாக விழுந்திருக்கிறது. இடது கால் மட்டும் அகன்று, வெளிப்பக்கம் திரும்பி, தவளை மிதித்ததைப் போல இருக்கிறது. அவள் அந்தத் தடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கையில் பிடித்திருந்த விரிப்பு உருளைக்குள் கோணலாகப் போய்ச் சுருண்டது. மறுமுனையில் நின்றவள், "ஏய், எங்க பாக்கறே!" என்று கத்தினாள். அதற்குள் பெரியவள் சின்னவளின் மேசையடிக்குப் போய்விட்டாள்.

"காலை நீட்டு."

"ஒண்ணுமில்லக்கா. ஈரம். ஊறிப்போச்சு."

"நீட்டுடீ!"

கால்சட்டையைத் தூக்கினால், கணுக்காலைச் சுற்றித் துணி இறுக்கிக் கட்டியிருந்தது. அவிழ்த்தாள். கால், கத்தரிக்காய் நிறத்தில், தலையணை போல வீங்கியிருந்தது. மடிக்கிற மேசைப் பெண்கள் அத்தனை பேரும் வாயில் கையை வைத்துக்கொண்டார்கள்.

"எப்போ?"

"போன வாரத்துக்கு முந்தி. ஈரத்துணி வண்டி உருண்டு வந்து மோதுச்சு." சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். "சத்தம் கேட்டுச்சு. மடக்குனு."

"வீட்டுல பாத்தியா இல்லையா? நானே பாத்துக்கறேன்னியே?"

"பாத்தேன்."

"அப்புறம் ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீ சொன்னதுதான் சரின்னு ஆயிடும்ல?"

பெரியவள் அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பக்கத்து அறையிலிருந்து இன்னும் இரண்டு டாக்டர்களைக் கூப்பிட்டார். "இந்தக் காலோட பதினோரு நாள் நின்னு வேலை பாத்திருக்காங்க" என்று அவர்களிடம் சொன்னபோது, அவர் குரல் ஏதோ புதையலைக் காட்டுகிறவர் குரல் மாதிரி இருந்தது. மாவுக்கட்டுப் போட்டுவிட்டு, தாழ்வாரக் கோடியில் இருக்கிற வலி டாக்டரைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்றார்.

விஷயம் தெரிந்து வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தான் டைல்ஸ்காரன். சட்டையிலெல்லாம் சிமெண்டுப் பால் காய்ந்திருந்தது. "வலியைப் போக்குற டாக்டராம் அக்கா," என்றான் பெரியவளிடம். "இவளுக்கு எதுக்கு? வழுக்கைத் தலைக்குச் சீப்பா?" சிரிக்கப் பார்த்தான். உதடு ஒத்துழைக்கவில்லை.

வலி டாக்டர் ஐம்பது வயதிருக்கிற குள்ளமான அம்மா. நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். கைகளால் பேசுகிறவள். சின்னவளின் கையில் ஊசியால் குத்தினாள், சூடு வைக்கிற ஒரு சின்னக் கருவியைத் தொட்டுப் பார்த்தாள், ஒரு மணி நேரம் கேள்வி கேட்டாள். பிறகு நாற்காலியை இழுத்து மூன்று பேருக்கும் எதிரே போட்டுக்கொண்டாள்.

"அபின் கேள்விப்பட்டிருக்கீங்களா? கசகசாச் செடியில இருந்து எடுக்கறது."

"போதை மருந்து," என்றாள் பெரியவள் முறைப்பாக.

"வலி மருந்தும் அதுதான். அபின் உள்ள போனா எப்படி வலி அடங்குதுன்னு ஆராய்ச்சி பண்ணாங்க. பாத்தா, மூளையில அதுக்குன்னே பூட்டு இருக்கு. அபின்ங்கற சாவி போட்டாத் திறக்கற பூட்டு. இப்ப யோசிச்சுப் பாருங்க. எங்கேயோ ஒரு வயல்ல முளைக்கற செடிக்காக நம்ம தலைக்குள்ள பூட்டு செஞ்சு வெச்சிருப்பாங்களா?"

டாக்டர் விரலால் தன் நெற்றியைத் தட்டினாள்.

"அப்படின்னா சாவியும் வீட்டுக்குள்ளேயே இருக்கணும்ல? தேடினாங்க. இருந்துச்சு. நம்ம உடம்பே அந்த மருந்தைச் செய்யுது. உங்க உடம்பு, என் உடம்பு, தெருவுல போற நாயோட உடம்பு, எல்லாமே. அடிபட்டுக்கிட்டே ஒருத்தன் ஓடறான், வீட்டுக்கு வந்தப்புறம்தான் வலிக்குதுங்கறான். எப்படி? ஓடற வரைக்கும் உடம்பு உள்ளேயே மருந்து கொடுத்துச்சு. வெறும் மாவு உருண்டையை மாத்திரைன்னு கொடுத்தாக்கூட சில பேருக்கு வலி குறையும். ஏமாத்து இல்ல. நம்பிக்கை வந்ததும் மூளை தன் மருந்தை எடுத்து விடுது."

"நாங்க நாலு பேரு சேந்து பாட்டுப் பாடிக்கிட்டே துணி இழுத்தா தோள் வலி தெரியாது," என்றாள் பெரியவள். ஏன் சொன்னோம் என்று உடனே கூச்சப்பட்டாள்.

டாக்டர் அவள் பக்கம் சாய்ந்தாள். "அதேதான்! ஒண்ணாச் சேந்து சிரிச்சா, பாடினா, வேலை செஞ்சா, அந்த மருந்து ஊறுது. பிடிச்சவங்க தலையைத் தடவினாக்கூட ஊறுதுன்னு சொல்றாங்க."

பெரியவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். பதினெட்டு வருஷ நீராவியில் வெளுத்துச் சுருங்கிய கைகள்.

"தங்கச்சிக்கு என்ன ஆச்சுன்னா, வலியைக் கொண்டுபோற நரம்புல பிறவியிலேயே ஒரு கோளாறு. இந்த மாதிரிப் பிறந்தவங்களுக்கு இந்த மருந்தும் அளவுக்கு மேல ஊறுதுன்னு தெரியவந்திருக்கு. நமக்கெல்லாம் தேவைன்னாத் திறக்கும், அப்புறம் மூடிக்கும். இவங்களுக்கு மூடறதே இல்ல."

"பாய்லர் வால்வு இறுகிப் போன மாதிரி," என்றாள் பெரியவள்.

"அப்படியே வெச்சுக்கலாம். அபின் அதிகமாகி மூச்சு நிக்கப் போறவங்களுக்கு ஒரு ஊசி இருக்கு. அந்தப் பூட்டுல போய் உக்காந்துக்கும். சாவி உள்ள போக முடியாது. அதை இவங்களுக்குக் கொடுத்தா, கொஞ்ச நேரத்துக்கு உடம்போட மருந்து வேலை செய்யாது." டாக்டர் சின்னவளைப் பார்த்தாள். "வலி தெரியலாம். தெரியாமயும் போகலாம். தெரிஞ்சாலும் ஒரு மணி நேரம்தான். இதனால உங்களுக்குக் குணமாகாது. உங்க உடம்பைப் பத்தி எங்களுக்கும் உங்களுக்கும் கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான். வேண்டாம்னா யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல."

பெரியவள் எழுந்துவிட்டாள். "இருக்கற வலியைப் போக்கத்தான் ஆஸ்பத்திரி. இல்லாத வலியைக் கொடுக்கறதுக்கா? வேண்டாம்மா. வாடி போகலாம்."

சின்னவள் எழுந்திருக்கவில்லை. "எனக்கு வேணும்."

"என்ன பேசறேன்னு தெரியுதா? உடைஞ்ச கால். நீ தாங்கமாட்டே."

"நீ தாங்கினியே? எல்லாரும் தாங்கறாங்களே? அது என்னன்னு தெரியாமலே நான் சாகணுமா அக்கா?"

டைல்ஸ்காரன் தொண்டையைச் செருமினான். "எனக்குப் பயமாத்தான் இருக்கு," என்றான். "ஆனா அவ உடம்பு. அவ சொல்லட்டும்." அவன் அக்காவை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். அந்தப் பத்து நாளும் பெரியவளுக்குச் சோறு இறங்கவில்லை. இருபத்தேழு வருஷமாக எந்த வலி தங்கச்சியை அண்டாமல் இருந்ததோ, அதை வலியக் கூப்பிட்டு உள்ளே விடுகிறார்களே என்று மாய்ந்து போனாள். இன்னொரு பக்கம், அவளுக்கே சொல்லத் தெரியாத ஓர் ஆசை அடிமனதில் நெளிந்தது. தெரியட்டும், ஒரே ஒரு தடவை தெரியட்டும் என்று. அந்த ஆசையைக் கண்டு அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

அன்றைக்குக் காலை மழை விட்டு வெயில் அடித்தது. ஜன்னலோரக் கட்டிலில் சின்னவளைப் படுக்க வைத்து, மார்பில் கம்பிகளை ஒட்டி, இதயத் துடிப்பைக் காட்டும் பெட்டியோடு இணைத்தார்கள். டாக்டர் சூட்டுக் கருவியை அவள் முன்கையில் தொட்டாள்.

"எப்படி இருக்கு?"

"வெதுவெதுன்னு இருக்கு."

எடுத்துவிட்டு, ஊசி மருந்தை மெதுவாக நரம்பில் ஏற்றினாள். எல்லோரும் காத்திருந்தார்கள். சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்ந்தது. ஒன்றும் ஆகவில்லை.

"ஒண்ணுமில்லையே," என்றாள் சின்னவள். ஏமாற்றம் குரலில் தெரிந்தது.

"கல்லுன்னு சும்மாவா பேரு வெச்சாங்க," என்றான் டைல்ஸ்காரன்.

அவள் சிரிக்க வாயைத் திறந்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. கண்கள் அகன்றன. முழங்கையை ஊன்றி எழுந்து, போர்வைக்கடியில் இருக்கிற தன் காலைப் பார்த்தாள்.

"அக்கா," என்றாள் ரகசியம் போல. "என் கால்ல யாரோ இருக்காங்க."

பெரியவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"என்ன செய்யறாங்க?" என்று டாக்டர் கேட்டாள். அவளும் குரலைத் தாழ்த்தியிருந்தாள்.

"கூப்பிடறாங்க. விட்டு விட்டு. அங்க ஒரு... கால் இருக்கு அக்கா. என் கால் அது. இத்தனை நாள் அது என்கூட வந்துச்சு, அவ்வளவுதான். இப்ப அது எனக்குள்ள இருக்கு."

டாக்டர் மறுபடி சூட்டுக் கருவியைக் கையில் வைத்தாள். வைத்ததுதான் தாமதம், சின்னவளின் கை வெடுக்கென்று பின்னால் பறந்தது. பறந்து போய் மார்போடு ஒட்டிக்கொண்டது. தன் கையைத் தானே முதன்முதலாகப் பார்க்கிறவள் போல அவள் பார்த்தாள். இருபத்தேழு வருஷத்தில் அந்தக் கை எதற்கும் பின்வாங்கியதில்லை. கொதிக்கிற குழாய்க்கும் இல்லை, கண்ணாடிச் சில்லுக்கும் இல்லை.

"நான் இழுக்கல," என்றாள். "அதுவா இழுத்துக்கிச்சு!"

"அதுதான் வேலை அதோடது," என்றாள் டாக்டர். நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மறுபடி வைங்க."

"வேண்டாம்மா."

"ஒரே ஒரு தடவை."

வைத்தார்கள். கை மறுபடி பறந்தது. சின்னவள் கலகலவென்று சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. டைல்ஸ்காரன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "தெரியுதா? நெஜமாவே தெரியுதா?" என்று கேட்டதையே கேட்டுக்கொண்டிருந்தான்.

கால் வலி ஏறத் தொடங்கியது. நெற்றியில் வியர்வை அரும்பியது. அவளுக்கு அதற்குச் சொல் தெரியவில்லை. டாக்டர் ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் கொடுத்தாள். குத்துதா? எரியுதா? கடிக்குதா? இழுக்குதா? புதுத்துணி போட்டுப் பார்க்கிறவள் மாதிரி ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்துவிட்டு, "கடிக்குது," என்றாள். பிறகு, "இல்ல, குத்துது. நடுவுல குத்துது, ஓரத்துல கடிக்குது."

கொஞ்ச நேரத்தில் சிரிப்பெல்லாம் போய்விட்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள். "இது எப்ப நிக்கும்? சொன்னா நிக்காதா?"

"சொன்னா நிக்காது."

"வேணாம்னா?"

"வேணாம்னாலும் நிக்காதுடி கண்ணு," என்றாள் பெரியவள்.

சின்னவள் திரும்பி அக்காவைப் பார்த்தாள். அக்காவின் மேல்கையைப் பார்த்தாள். "நான் உனக்குச் சூடு வெச்சேனே, அப்ப உனக்கு இதுவா இருந்துச்சு?"

பொய் சொல்லிவிடலாமா என்று பெரியவள் நினைத்தாள். சொல்லவில்லை. "இதைவிட ஜாஸ்தி."

சின்னவளின் முகம் கோணிக்கொண்டு போனது. ஒரு சத்தம் வந்தது அவளிடமிருந்து. பெரியவள் பாய்ந்து போய்த் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். நெற்றியிலிருந்து பின்னந்தலைக்கு, பின்னந்தலையிலிருந்து கழுத்துக்கு, அம்மா போன நாளிலிருந்து தடவுகிற அதே தடவல். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, போயிடும்."

சின்னவள் கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தாள். பிறகு குழம்பிப் போய்த் தலையைத் தூக்கினாள்.

"அக்கா, நீதானே தடவறே?"

"நான்தான்."

"எப்பவும் போலத்தான் தடவறியா?"

"ஆமாடி. ஏன்?"

"என்னமோ மாதிரி இருக்கு. கை படறது தெரியுது. ஆனா நீ எங்கேயோ தூரத்துல நின்னுக்கிட்டுத் தடவற மாதிரி இருக்கு. அந்த இது இல்ல."

"எது இல்ல?"

"நீ தலையில கை வெச்சா நெஞ்சுல ஒண்ணு வரும்ல? எல்லாம் சரியாயிடுச்சுங்கற மாதிரி. எனக்குத் தினமும் வரும். சின்ன வயசுல இருந்து. இப்ப வரல." பயந்து போய் அக்காவின் கையைப் பிடித்தாள். "அது எங்க போச்சு?"

பெரியவள் டாக்டரை ஏறிட்டாள். டாக்டர் எழுதுவதை நிறுத்தியிருந்தாள்.

"உறுதியாச் சொல்ல மாட்டேன்," என்றாள் டாக்டர் மெதுவாக. "ஆனா இப்படி ஆகும்னு சில பேர் கண்டுபிடிச்சிருக்காங்க. வலியை அமுக்கற மருந்தும், வேண்டியவங்க கை பட்டா மனசு குளிர வைக்கற மருந்தும் வேற வேற இல்லைன்னு. பூட்டு ஒண்ணுதான். இந்த ஊசி அதை அடைச்சுடுச்சு. வலி உள்ள வந்துச்சு. உங்க கை வெளிய நின்னுடுச்சு."

பெரியவளுக்கு அது ஏறக் கொஞ்ச நேரம் ஆனது.

"அப்படின்னா... இத்தனை வருஷமும் நான் தடவினது இவளுக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சிருக்கு. நம்ம எல்லாரையும்விட ஜாஸ்தியாத் தெரிஞ்சிருக்கலாம். யாரு கண்டா?"

பெரியவள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஊசி குத்தினால்கூடத் தெரியாத உடம்புக்கு உள்ளங்கை மட்டும் எப்படித் தெரியும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். கல்லைத் தடவுகிறோம், நம் ஆறுதலுக்குத் தடவுகிறோம் என்று. அவள் காய்ச்சல் நாட்களிலும் அம்மா போன அன்றைக்கும் தலைமாட்டில் விடிய விடிய உட்கார்ந்ததெல்லாம் கிணற்றில் போட்ட கல் என்று. அத்தனையும் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவள் நினைத்ததைவிட ஆழத்துக்குப் போயிருக்கிறது. எலும்பு உடைந்தால்கூடத் திறக்காத இடத்துக்கு அவள் கை தினமும் போய் வந்திருக்கிறது.

கட்டில், ஜன்னல், வெயில், பெட்டியில் ஓடுகிற பச்சைக் கோடு எல்லாம் அவளுக்குக் கலங்கித் தெரிந்தன. இந்த மனுஷ உடம்புக்குள் யார் உட்கார்ந்துகொண்டு இவ்வளவையும் அளந்து ஊற்றுகிறார்கள்? உருளையின் முன்னால் பாடிக்கொண்டே நின்ற தன் தோளுக்குள்ளும் அது ஊறியிருக்கிறது. யாரும் கேட்காமல், யாரும் நன்றி சொல்லாமல்.

"நிறுத்தாதேக்கா," என்றாள் சின்னவள். "தூரத்துல இருந்தாலும் பரவால்ல. தடவு."

தடவினாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. சின்னவள் முனகினாள், அழுதாள், ஒருமுறை புருஷன் கையைப் பிடித்து நகம் பதியக் கிள்ளினாள். அவன் 'ஆ' என்றதும் பதறிப்போய் விட்டுவிட்டு, "வலிச்சுதா?" என்றாள். மூன்று வருஷத்தில் அவள் அவனிடம் கேட்காத கேள்வி. அவன் தலையை ஆட்டிவிட்டு, வேலை இருப்பவனைப் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பிறகு அவள் உடம்பு மெல்லத் தளர ஆரம்பித்தது.

"போகுது," என்றாள். காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறவள் மாதிரி இருந்தாள். "ஓரத்துல கடிக்கறது நின்னுடுச்சு. நடுவுல மட்டும் இருக்கு. சின்னதா." ரயிலடியில் யாரையோ வழியனுப்புகிறவள் போல அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போயிடுச்சு."

அடுத்த கணம் அவள் முகம் மாறியது. கண்ணை மூடி, தலையை அக்காவின் உள்ளங்கைக்குள் அழுத்தினாள்.

"வந்துட்டியா," என்றாள்.

பெரியவள் கையை எடுக்காமல் தடவினாள்.

டாக்டர் கம்பிகளைக் கழற்றிவிட்டு, சாயங்காலம் வரை இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிப் போனாள். குழந்தை விஷயத்தைச் சின்னவள் நேராகவே கேட்டிருந்தாள். பெற்றுக்கொள்ளலாம், கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பார்க்க வேண்டும், கூட ஆள் வேண்டும் என்றிருந்தாள் டாக்டர். கூட ஆள் என்றபோது மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. டைல்ஸ்காரன் ரொட்டியும் டீயும் வாங்கக் கீழே போனான்.

"அந்த ஊசி மறுபடி வேணுமா உனக்கு?" என்று கேட்டாள் பெரியவள்.

"வேண்டாம். ஒரு தடவை பாத்தாச்சு." கொஞ்சம் யோசித்தாள். "குழந்தை அழுதா, இதுக்குத்தான் அழுவுதுன்னு இப்பத் தெரியும்க்கா. எனக்கு வலிக்காது. ஆனா தெரியும்."

"ம்."

"நான் சுடுதண்ணி ஊத்த மாட்டேன்."

"அதை விடுடி. அன்னைக்கு என் நாக்குல சனி." பெரியவள் போர்வையை இழுத்துச் சரி செய்தாள். சரியாகத்தான் இருந்தது, ஆனாலும் இழுத்தாள். "ஊத்த மாட்டேன்னு எனக்குத் தெரியும்."

வெளியே தாழ்வாரத்தில் யாரோ வண்டி தள்ளிக்கொண்டு போனார்கள். சின்னவள் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எங்கயாவது வலிக்குதா?"

"எனக்கா? எனக்கென்ன. ஒண்ணுமில்ல."

"பொய். இப்ப, இந்த நிமிஷம். எங்க வலிக்குது?"

வீட்டில் பெரியவள் தன் வலியைப் பற்றிப் பேசியதே இல்லை. பிறவிக் குருடனிடம் வானவில்லைப் பற்றி என்ன பேசுவது என்றே விட்டிருந்தாள். லாண்டரியில் சொன்னால், யாருக்குத்தான் இல்லை என்பார்கள்.

"தோளு," என்றாள் கடைசியில். "வலது தோளு."

"எத்தனை நாளா?"

"ஆறு வருஷமா."

"ஆறு வருஷமா!" சின்னவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "ஒரு மணி நேரத்துக்கே நான்... ஆறு வருஷமா? எப்படி வலிக்கும்? குத்துமா, கடிக்குமா, எரியுமா?"

யாரும் அவளிடம் எப்படி என்று கேட்டதில்லை. பெரியவள் கண்ணைச் சுருக்கி யோசித்தாள். "காலையில எந்திரிக்கறப்ப கடிக்கும். விரிப்பை உதறும்போது ஒரு வெட்டு வெட்டும் பாரு, கண்ணு இருட்டிக்கிட்டு வரும். சாயங்காலம் ஆனா எரிச்சல். சுண்டுவிரல் வரைக்கும் ஓடும்."

"அப்புறம்?"

"முழங்காலு. படி ஏறும்போது."

"ரெண்டுமா?"

"இடதுதான் ஜாஸ்தி. மழை வந்தா அதுக்கு முன்னாடியே சொல்லிடும்."

"என்னன்னு சொல்லும்?"

கதவைத் தள்ளிக்கொண்டு டைல்ஸ்காரன் வந்தான். ஒரு கையில் ரொட்டிப் பொட்டலம், இன்னொரு கையில் டீ. "சூடா இருக்கு அக்கா, ஆறுறதுக்குள்ள குடிச்சிடுங்க," என்றான்.

பெரியவள் திரும்பாமலே கையைத் தூக்கி அவனை நிறுத்தினாள்.

"இருங்க தம்பி," என்றாள். "நான் இன்னும் சொல்லி முடிக்கல."